மட்டம் மாறும் மண்: நேப்பிள்ஸ் கடற்கரையில் ஒரு நாள்

நேப்பிள்ஸ் நகரத்துக்குக் கிழக்கே நிற்கும் வெசுவியஸை அடையாளம் காண யாருடைய துணையும் தேவையில்லை. விமானம் தரையிறங்கும்போதே சன்னல் வழியாகத் தெரிந்துவிடுகிறது. நகரத்துக்கு மேற்கே இருக்கும் எரிமலையோ அதன் நடுவில் நின்றாலும் கண்ணில் படுவதில்லை. காம்பி ஃப்ளெக்ரேய் என்று இத்தாலியர்கள் அழைக்கும் அந்த எரிமலைக்கு உச்சி இல்லை, சரிவு இல்லை, தொலைவில் நின்று படமெடுத்துக்கொள்ளத் தக்க உருவமும் இல்லை. 12 முதல் 15 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம் அது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடலுக்கடியில் கிடக்கிறது. மீதி நிலத்தில் சிறு எரிவாய்களும் கரடுகளும் ஏரிகளும், அவற்றுக்கிடையே சுமார் 5 லட்சம் மக்களும் இருக்கிறார்கள். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பும், பிறகு சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பும் நடந்த இரண்டு பெருவெடிப்புகளில் அடியிலிருந்த கற்குழம்பு வெளியே கொட்டிவிட, மேலிருந்த நிலம் தாங்கலின்றி உள்ளே அமிழ்ந்து இப்பள்ளம் உருவானது. முதல் வெடிப்பின் சாம்பல் ரஷ்யா வரை போய் விழுந்திருக்கிறது. இரண்டாம் வெடிப்பின் சாம்பல் இறுகி உண்டான மஞ்சள் கல்லை வெட்டியெடுத்துத்தான் நேப்பிள்ஸ் நகரத்தின் பெரும்பகுதியைக் கட்டினார்கள்.

நான் சேலத்தில் மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் எடுக்கும் ஒரு சுரங்கத்தில் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் எந்தக் கணக்கும் ஒரு பெஞ்ச் மார்க்கில் தொடங்கும். சுரங்கம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை கன மீட்டர் மண் எடுத்திருக்கிறோம், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்பதையெல்லாம், கல்லில் வெட்டி வைத்த அந்த ஒரு புள்ளியின் உயரத்தை நம்பித்தான் சொல்கிறோம். அந்தப் புள்ளியே நகரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சேலத்தில் அதற்கு அவசியமும் இல்லை. ஏற்காடு ஏரியைக் காட்டி, இது பழைய எரிமலையின் வாய்தானே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சேர்வராயன் மலை எரிமலை அன்று. அதன் சார்னோக்கைட் பாறை, பூமியின் மேலோட்டில் வெகு ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, மேலிருந்ததெல்லாம் அரித்துப்போன பிறகு வெளியே தெரிவது; வயது சுமார் 250 கோடி ஆண்டு. எங்கள் வெள்ளைக்கல் மேடுகளின் அடியிலிருக்கும் டியூனைட் பாறையும் ஆழத்திலிருந்து வந்ததுதான் என்றாலும், அந்த வரவெல்லாம் முடிந்து எத்தனையோ யுகங்கள் ஆகிவிட்டன. எப்போதாவது ஒரு லேசான அதிர்வு வரும், மறுநாள் செய்தித்தாளில் ஒரு பத்தி வரும், அவ்வளவுதான். சேலம் ஜங்ஷனின் மஞ்சள் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து நிலையத்தின் உயரத்தை எழுதியிருப்பார்களே, அதைப் பெயிண்ட் உதிர்ந்தால்தான் மீண்டும் எழுத வேண்டியிருக்கும். காம்பி ஃப்ளெக்ரேயின் நடுவிலுள்ள பொட்ஸுவோலி ஊரில் அப்படியொரு பலகை வைத்தால் ஆண்டுதோறும் எண்ணைத் திருத்த வேண்டும்.

ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்யும் எங்கள் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, அவளே இந்தப் பயணத்தையும் ஏற்பாடு செய்தாள். பேருந்தில் ஐம்பது பேரோடு போகும் சுற்றுலாக்கள் எல்லாம் பாம்பேயிக்கும் வெசுவியஸுக்கும்தான் போகின்றன. மேற்குப் பக்கம் போக வேண்டுமானால் வண்டியும் வழிகாட்டியும் தனியாக அமர்த்திக்கொள்வதே வழி என்றாள். செலவு கூடுதல்தான், நான்கைந்து பேராகப் போனால் ஓரளவு கட்டுப்படியாகும். புறப்படுவதற்கு முன்பே வழிகாட்டி அம்மையார் மின்னஞ்சலில் என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தம்முடைய வழக்கமான திட்டத்தை மாற்றிவிட்டார். திராட்சைத் தோட்டம், மது ருசி பார்த்தல், கடைவீதி ஆகியவற்றை நீக்கிவிட்டு, நிலம் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்பதைக் கண்ணால் அளந்து பார்க்கக்கூடிய இடங்களாக வரிசைப்படுத்தி அனுப்பினார். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். வண்டியின் சொகுசுக்காக அல்ல.

முதலில் பொட்ஸுவோலி நகரின் நடுவிலுள்ள பழைய ரோமானியச் சந்தைக்குப் போனோம். 1750-இல் தோண்டியபோது செராபிஸ் என்னும் தெய்வத்தின் சிலை கிடைத்ததால், இதைக் கோயில் என்று தவறாக எண்ணி, செராபிஸ் கோயில் என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். உண்மையில் இது இறைச்சியும் மீனும் விற்ற அங்காடி. சாலை மட்டத்துக்குக் கீழே பள்ளமாக இருக்கும் அந்த இடத்தைச் சுற்றிலும் வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. கம்பி வேலிக்கு வெளியே நின்றாலே முழுவதும் தெரிகிறது. நடுவில் ஏறத்தாழ 12 மீட்டர் உயரமுள்ள மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல், அடியிலிருந்து மேல்வரை மெதுவாகப் பார்க்கச் சொன்னார்.

அடியிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் வரை தூண்கள் வழவழப்பாக இருக்கின்றன. அதற்கு மேல், இரண்டரை மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான உயரத்துக்கு, மூன்று தூண்களிலும் ஒரே மட்டத்தில் ஒரு கருமையான பட்டை ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அது நிறம் அன்று, துளைகள். கல்லைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் ஒரு வகைக் கடற்சிப்பி செய்த துளைகள் அவை. அதற்கு மேலே மீண்டும் துளையில்லாத கல். அந்தச் சிப்பி கடல்நீருக்குள் மட்டுமே வாழும். ஆகவே, தூண்களின் அடிப்பகுதி வண்டலிலும் இடிபாட்டிலும் புதைந்திருக்க, நடுப்பகுதி நெடுங்காலம் கடலுக்குள் நின்றிருக்க வேண்டும்; பின்னர் முழுவதும் மீண்டும் கரையேறியிருக்க வேண்டும். இத்தனைக்கும் தூண்கள் விழவில்லை.

கடல் ஏறி இறங்கியதா, நிலம் இறங்கி ஏறியதா என்பது அடுத்த கேள்வி. கடல் ஆறேழு மீட்டர் ஏறியிருந்தால், மத்தியதரைக் கடலின் கரை முழுவதும் அதே உயரத்தில் அதே தடயம் இருக்க வேண்டும்; சில கிலோமீட்டர் தள்ளியுள்ள நேப்பிள்ஸிலேயே அப்படி இல்லை. ஆகவே ஏறி இறங்கியது நிலம்தான். 1828-இல் சார்லஸ் பாபேஜ் இங்கே வந்து அளந்து பார்த்திருக்கிறார். கணிப்பொறியின் முன்னோடி என்று நாம் படித்த அதே பாபேஜ்தான். புவியியலாளர் சார்லஸ் லயல் 1830-இல் வெளியிட்ட தமது பெருநூலின் முகப்பில் இந்த மூன்று தூண்களின் படத்தையே போட்டார். பூமியின் மேற்பரப்பு பெரும் பிரளயங்களால் மட்டுமன்றி, இன்றும் நம் கண்முன்னே மெல்ல மெல்ல நடக்கும் அசைவுகளாலும் மாறுகிறது என்று வாதிட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைத்திருக்காது. வாழ்நாள் முழுதும் லெவல் கருவியின் குழாய் வழியாக, ஸ்டாஃப் என்னும் உயர அளவுகோலின் கோடுகளைப் படித்த எனக்கு, யாரோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நட்டு வைத்துப்போன ஸ்டாஃப்களாகவே அந்தத் தூண்கள் தெரிந்தன. நான் அங்கிருந்து நகர மறுத்ததைக் கண்டு என் மனைவி, "ஏங்க, மத்த எடமெல்லாம் பாக்க வேண்டாமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அடுத்து ரியோனே தெர்ரா. பொட்ஸுவோலியின் மிகப் பழைய குடியிருப்பு அது. கடலுக்குள் நீண்டிருக்கும் மஞ்சள் கல் குன்றின் மேல் இருக்கிறது. 1970 மார்ச் 2 அன்று, நிலம் வேகமாக மேலேறுவது தெரியவந்ததும், அங்கே குடியிருந்த சுமார் 3,000 பேரை ராணுவத்தைக் கொண்டு வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் வறிய மீனவர்கள். திரும்பிப் போய்க் குடியிருக்க அவர்களை விடவில்லை. இப்போது வீடுகளைப் புதுப்பித்து வண்ணம் பூசியிருக்கிறார்கள், அடியில் ரோமானியத் தெருக்களைத் தோண்டிப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சன்னல்களில் துணி காயவில்லை.

1969 முதல் 1972 வரை நிலம் சுமார் 1.7 மீட்டர் ஏறியது. பிறகு 1982 முதல் 1984 வரை மேலும் சுமார் 1.8 மீட்டர். இரண்டாவது தடவை ஏற்றத்தோடு 16,000-க்கும் மேற்பட்ட சிறு நிலநடுக்கங்கள் பதிவாயின. நகரத்தின் பல வீடுகள் விரிசல் கண்டன. சுமார் 40,000 பேர் ஊரைவிட்டு மாற்றப்பட்டார்கள். மலைப்பக்கம் மொந்தெருஷெல்லோ என்னும் புதுக்குடியிருப்பை அரசு அவசரமாகக் கட்டியது. எங்கள் வழிகாட்டி சிறுமியாகப் பெற்றோருடன் அங்கே குடியேறியவர். புதிய வீட்டில் எல்லாம் இருந்தது, கடல் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே தம் பாட்டியின் ஓயாத புகார் என்றார்.

1985-இலிருந்து இருபது ஆண்டுகள் நிலம் மெல்ல இறங்கியது. 2005-இலிருந்து மறுபடியும் ஏறத் தொடங்கி, 2025 தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 1.4 மீட்டர் ஏறியிருந்தது. துறைமுகத்தில் இதைப் பார்க்கக் கருவி வேண்டியதில்லை. மீன்பிடிப் படகுகள் கட்டும் சிறு துறையில் கடலின் தரையே மேலே வந்துவிட்டதால், நீர் வற்றும் வேளையில் படகுகள் சேற்றில் தட்டி நிற்கின்றன. படகில் இறங்க வசதியாக ஒரு காலத்தில் கட்டிய கற்படிகள் இப்போது எட்டாத உயரத்தில் இருக்கின்றன. இஸ்கியா, ப்ரோசிதா தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன, அவற்றுக்கும் தொல்லை. 1980-களின் ஏற்றத்துக்கு முன்பு கட்டிய கரையையும் அதன் பின் கட்டிய கரையையும் வழிகாட்டி அடுத்தடுத்துக் காட்டினார். இரண்டுக்கும் இடையிலான உயரத்தை என் குடையை நிறுத்திப் பார்த்து ஒப்பிட்டேன். அவர் சொன்ன கணக்கு சரியாகவே வந்தது.

ஏன் ஏறுகிறது என்பதற்கு ஒரே வரியில் விடை கிடையாது. அடியாழத்திலுள்ள கற்குழம்பிலிருந்து பிரியும் வாயுக்களும், கொதிக்கும் நிலத்தடி நீரும், மேலே வர வழியின்றி இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துப் பாறைகளில் தேங்கி அழுத்தம் கொடுக்கின்றன என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். கற்குழம்பே மேலேறி வருகிறதா, வந்தால் எவ்வளவு என்பதில்தான் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு. 1841-இல் தொடங்கப்பட்ட வெசுவியஸ் ஆய்வகம் என்ற நிறுவனம், உலகிலேயே பழமையான எரிமலை ஆய்வு நிலையம், இப்பகுதியின் ஒவ்வொரு அசைவையும் கணக்கெடுக்கிறது. ரியோனே தெர்ராவில் வைத்திருக்கும் செயற்கைக்கோள் வழி அளவுக்கருவியின் எண்களைப் பொதுமக்களுக்காக வாராவாரம் வெளியிடுகிறார்கள். 2025-இல் மாதத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை ஏறியிருக்கிறது. வழிகாட்டியின் கைபேசியில் அந்த வரைபடத்தைப் பார்த்தேன். மழையளவு பார்ப்பதைப் போன்ற சாதாரண முகத்தோடு அதை அவர் காட்டியதுதான் எனக்கு வியப்பு.

2024 மே மாதத்தில் 4.4 அளவிலும், 2025-இல் 4.6 அளவிலும் நிலநடுக்கங்கள் வந்தன. எண் சிறியதாகத் தோன்றினாலும், மையம் வெறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதால் குலுக்கல் கடுமையாக இருக்குமாம். 2024-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. சாரம் கட்டித் தாங்கலிட்ட வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்த்தோம். 2012 டிசம்பரிலிருந்து மஞ்சள் எச்சரிக்கை நடப்பில் இருக்கிறது. அது சிவப்பாக மாறினால், 72 மணி நேரத்துக்குள் அபாய வட்டத்திலுள்ள அனைவரையும் வெளியேற்றத் திட்டம் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் மக்கள் இத்தாலியின் எந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். பொட்ஸுவோலிக்காரர்களுக்கு வடக்கே லொம்பார்டி.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் இங்கயே இருக்காங்க?" என்று மனைவி கேட்டதை மகள் மொழிபெயர்த்தாள். வழிகாட்டி சற்று யோசித்துவிட்டு, உங்கள் ஊர்ப் பக்கம் பெரிய அணை ஏதும் இல்லையா, அதற்குக் கீழே யாரும் குடியிருக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டார். மேட்டூர் அணை 1934-இலிருந்து நிற்கிறது. அதற்குக் கீழே காவிரிக் கரையில் எத்தனை ஊர்கள் என்று எண்ணிச் சொல்ல எங்களால் முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்; மனிதன் கட்டிய அணைக்கு மதகு உண்டு, பராமரிப்பு உண்டு. இருந்தாலும் அவர் கேட்டதற்கு உடனே மறுமொழி சொல்ல வரவில்லை.

சோல்ஃபதாரா எரிவாயை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. கந்தகப் புகை கக்கும் அந்தப் பள்ளம் முன்பு சுற்றுலாப் பயணிகளால் நிறைந்திருக்கும். 2017-இல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் அங்கே இறந்தபின் மூடிவிட்டார்கள். நாங்கள் போனபோதும் திறந்திருக்கவில்லை. அழுகிய முட்டையின் வாடை சாலை வரை வந்தது. பக்கத்திலேயே ரோமானிய வட்டரங்கம் ஒன்று உண்டு, விலங்குகளை மேலே ஏற்றிய கூண்டுகளின் நிலவறை அப்படியே இருக்கிறது. இத்தாலியின் மிகப் பெரிய வட்டரங்கங்களில் ஒன்று என்கிறார்கள். கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு அரை நாள் போதாது. எங்களுக்கு அன்று அது வழியில் வந்த ஓர் இடம், அவ்வளவே.

அந்தக் கரையை விட்டுப் புறப்படும் முன், நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ரோம் நகரத்துக்குச் சரியான துறைமுகம் அமையும் வரை, கீழ்த்திசைச் சரக்கெல்லாம் வந்து இறங்கிய இடம் இந்தப் பொட்ஸுவோலிதான். அப்போதைய பெயர் புட்டியோலி. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினர் என்று நம் சங்கப் பாடல் சொல்லும் வணிகத்தின் மறுமுனைகளில் ஒன்று இது. இவ்வூரின் வணிகக் குடும்பங்களில் ஒன்று அன்னியுஸ் குடும்பம். அதைச் சேர்ந்த அன்னியுஸ் ப்ளோகாமுஸ் என்பவரின் அடிமையான லீசாஸ், எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், பெரெனிகே துறைமுகத்துக்குப் போகும் வழியிலுள்ள ஒரு பாறையில், கி.பி. 6-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தன் பெயரைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதி வைத்திருக்கிறான். அதே பெரெனிகேயில் நடந்த அகழாய்வில் செராபிஸ் கோயிலுக்குள் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. கொங்கு நாட்டில் வெள்ளலூரிலும் கரூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பது நமக்குத் தெரியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும் மிளகுக் கொடிகளைப் பார்த்து வளர்ந்த என் மகள், இந்தக் கதையைக் கேட்டதும் அந்தச் சந்தைத் தூண்களை மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நிலம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் சரக்கு வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

அங்கிருந்து மேற்கே சில நிமிடப் பயணத்தில் மொந்தே நுவோவோ. 133 மீட்டர் உயரமுள்ள கரடு. உயரத்தில் நம் ஊர்ப் பக்கத்துக் கரடுகளோடு ஒப்பிடலாம், வயதில் ஒப்பிடவே முடியாது. 1538 செப்டம்பர் 29 அன்று வெடிக்கத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் இம்மலை எழுந்து நின்றுவிட்டது. த்ரிபெர்கோலே என்ற கிராமம் அதன் அடியில் புதைந்தது. அதற்கு முன் அந்தக் கரையில் நிலம் பல மீட்டர் மேலேறியதையும், கடல் பின்வாங்கி மீன்கள் தரையில் துள்ளியதையும் நேரில் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காம்பி ஃப்ளெக்ரேயின் கடைசி வெடிப்பு அதுவே. இன்று மலை முழுவதும் பசுமையான மரங்கள். நடைப்பயிற்சி செய்பவர்கள் மேலே ஏறிப் பள்ளத்தைச் சுற்றி வருகிறார்கள். 250 கோடி ஆண்டுப் பாறையில் சர்வே செய்த எனக்கு, ஆண்டும் மாதமும் தேதியும் சொல்லக்கூடிய ஒரு மலையின் மேல் நிற்பது புதிய அனுபவம். கையிலெடுத்த கல் உள்ளெல்லாம் காற்றுத் துளைகளோடு நெட்டி அளவே கனத்தது.

அடிவாரத்தில் அவெர்னோ ஏரி. ஆழமான எரிவாயில் நீர் நிரம்பி உண்டானது. பாதாள உலகத்தின் வாசல் என்று பழங்காலத்தார் நம்பிய இடம் இப்போது வாத்துகள் நீந்தும் அமைதியான நீர்நிலை. ஏரிக்கரைச் சரிவுகளில் ஃபலாங்கினா என்னும் வெள்ளைத் திராட்சை பயிராகிறது. ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளையெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழித்த வேர்ப்பேன், இந்தச் சாம்பல் மணலில் பிழைக்க முடியாததால், இங்கே பல தோட்டங்களில் இன்னும் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே கொடி வளர்க்கிறார்கள். மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுத அதிகமில்லை. சைவம் என்றால் வறுத்த பச்சைக் குடைமிளகாயும் தக்காளி ஊற்றிய பாஸ்தாவும் கிடைக்கும். மனைவி பையிலிருந்த பருப்புப் பொடியை எடுத்துத் தூவிக்கொண்டார்.

பாயா என்னும் கடற்கரைக் கிராமத்தில் அன்றைய நாளின் மறுபாதி தொடங்கியது. காலையில் பார்த்தது ஏறிய நிலம் என்றால், இங்கே பார்த்தது இறங்கிய நிலம். ரோமானியப் பேரரசர்களும் செல்வர்களும் வெந்நீர் ஊற்றுகளுக்காக இந்தக் கரையில் மாளிகை கட்டினார்கள். அந்த மாளிகைகளில் பாதி இன்று நான்கைந்து மீட்டர் நீருக்கடியில் கிடக்கின்றன. 2002-இல் அந்தக் கடற்பகுதியை அரசு தொல்லியல் பூங்காவாக அறிவித்தது. அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகில் ஏறினோம். கிளவுதியுஸ் மன்னரின் விருந்து மண்டபம் இருந்த இடத்தில் சிலைகள் தெரிந்தன. அவை நகல்கள், மூலச்சிலைகள் மேலே கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுவர்களின் அடித்தளம், தெரு ஒன்றின் கற்பாவு, இடையிடையே தரையிலிருந்து சரமாகக் கிளம்பும் வாயுக் குமிழிகள் ஆகியவற்றைக் கண்டோம். தரை ஓவியங்களைப் பார்க்க வேண்டுமானால் நீரில் இறங்க வேண்டும், படகிலிருந்து சரியாகத் தெரிவதில்லை. முதல் நாள் காற்று அடித்து நீர் கலங்கியிருந்தால் படகுக்குக் கொடுத்த பணம் வீண். இதை வழிகாட்டி முன்கூட்டியே சொல்லி, காலையில் கடலைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டு எடுத்தார்.

கரையில், மெர்க்குரி கோயில் என்று பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பழைய குளியல் மண்டபம் இருக்கிறது. 21 மீட்டருக்குச் சற்று மேல் விட்டமுள்ள அரைக்கோள வடிவக் கூரை. ரோம் நகரின் புகழ்பெற்ற பாந்தியன் கோயிலுக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது. நிலம் இறங்கியதால் மண்டபத்தின் கீழ்ப்பகுதியில் நீர் நிரம்பி நிற்கிறது. உச்சித் துவாரத்தின் வழியே விழும் ஒளி நீரில் பட்டு மேற்கூரையில் ஆடுகிறது. கட்டடம் கட்டியவர்கள் காட்டிய துணிச்சலுக்குக் காரணம் காலடியிலேயே கிடைத்த சாம்பல்தான். இந்தப் பகுதியின் எரிமலைத் தூளைச் சுண்ணாம்போடு கலந்தால் நீருக்குள்ளும் இறுகும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் எழுதியிருக்கிறார். யூதேயாவை ஆண்ட ஏரோது மன்னன் அங்கே சிசேரியாவில் துறைமுகம் கட்டியபோது நேப்பிள்ஸ் வளைகுடாவிலிருந்து இந்தத் தூளைக் கப்பலில் கொண்டுபோயிருக்கிறான். சேலத்தில் எந்தச் சிமெண்ட் கடையிலும் கிடைக்கும் பி.பி.சி. மூட்டையில் போர்ட்லேண்ட் பொஸோலானா என்றுதானே அச்சிட்டிருக்கும். எரிமலைச் சாம்பலுக்குப் பதிலாக நம் ஊரில் அனல் மின் நிலையங்களின் உலர் சாம்பலைச் சேர்க்கிறார்கள். வேதிவினை ஒன்றே.

கடைசியாக பாகோலியில் பிஸ்சினா மிராபிலிஸ். வெளியே ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெரு. உள்ளே படியிறங்கினால் 70 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட நிலத்தடித் தொட்டி. மஞ்சள் கல் பாறையைக் குடைந்து, 48 தூண்கள் நிறுத்தி, மேலே வளைவுக் கூரை போட்டிருக்கிறார்கள். செரினோ ஊற்றுகளிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயில் வந்த நீர் இங்கே வந்து முடிந்தது. கொள்ளளவு சுமார் 12,600 கன மீட்டர். பக்கத்து மிசேனோ துறைமுகத்தில் நின்ற ரோமானியக் கடற்படைக்காகக் கட்டியது என்பது மரபான விளக்கம். கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தபோது அந்தக் கடற்படைக்குத் தலைவராக இருந்த ரோமானிய அறிஞர் மூத்த ப்ளினி, கப்பல்களோடு வளைகுடாவைக் கடந்து போய், எதிர்க்கரையில் உயிரிழந்தார்.

நான் தொட்டியின் சுவர்களில் விரிசல் தேடினேன். பழக்கதோஷம். சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்த பூச்சு பல இடங்களில் இன்னும் உதிராமல் இருக்கிறது. இத்தனை ஏற்ற இறக்கத்துக்கு இடையிலும் இது எப்படித் தாங்கியது என்று கேட்டேன். பள்ளத்தின் நடுவிலுள்ள பொட்ஸுவோலியில்தான் அசைவு அதிகம், விளிம்பை நோக்கிப் போகப் போகக் குறைந்துகொண்டே வரும் என்று, மணலில் ஒரு மணி வடிவ வளைவை வரைந்து வழிகாட்டி விளக்கினார். ஒரே வட்டத்துக்குள் ஓர் ஊர் மீட்டர் கணக்கில் எழ, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர் சென்டிமீட்டர் கணக்கில் மட்டும் எழும் என்றால், இந்த வட்டாரத்தில் லெவல் எடுக்கும் சர்வேயர் பெஞ்ச் மார்க்கை வெகு தொலைவுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படித்தான் செய்கிறார்களாம், அசையாத இடத்திலிருந்து தொடங்கிக் கரையோரமாக அளந்துகொண்டே வருவார்களாம். 1905-இலிருந்து அப்படி எடுத்த அளவுகள் இருக்கின்றன என்றதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சேலத்திலிருந்து நண்பர்கள் சிலர் இதே பயணத்தை விசாரித்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். கூமே என்னும் பழைய கிரேக்க ஊரையும் இதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்வார்கள். சேர்த்தால் பாயாவில் நேரம் போதாது. தனி வண்டிக்குச் செலவு செய்ய விருப்பமில்லாதவர்கள் நேப்பிள்ஸின் மொந்தெசாந்தோ நிலையத்தில் குமானா ரயில் ஏறினால் பொட்ஸுவோலியிலேயே இறங்கிவிடலாம்; சந்தைத் தூண்களும் துறைமுகமும் ரியோனே தெர்ராவும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நிலநடுக்கம் வந்த நாட்களில் ரயிலை நிறுத்திப் பாதையைச் சோதித்த பிறகே மீண்டும் ஓட்டுகிறார்கள் என்பதால், திரும்பி வருவதற்கு மாற்று வழியையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பிஸ்சினா மிராபிலிஸுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். முட்டி வலி உள்ளவர்கள் மொந்தே நுவோவோவை அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், தூண்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.